அப்புச்சியின் யாஷிகாவை வைப்பதா, விற்பதா?

கோபி பக்கம் உங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அட்டாலியைச் சுத்தம் செய்தபோது தோல் பைக்குள் யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய பிலிம் கேமரா கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா இருக்கிறது. பழைய கேமராவில் எடுத்த படத்தில்தான் உயிர் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதைச் சரிசெய்து பிலிம் போட்டு எடுக்கலாமா, இல்லை விற்றுவிட்டு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. பழைய படங்களைப் பார்க்கும்போது வருகிற அந்த இழுப்பு கேமராவால் வருகிறதா, இல்லை நாமாகக் கற்பித்துக்கொள்வதா? அது தெளிவானால் வைப்பதா விற்பதா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

நான் ஈரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்து, பிறகு கல்யாண வீடுகளுக்குக் கேமரா தூக்கி, பவானி, பெருந்துறை, காங்கேயம் என்று சுற்றியவன். கலர் லேப் வந்ததையும் பார்த்தேன், மூடியதையும் பார்த்தேன். இப்போது தொழில் முழுக்க டிஜிட்டலில்தான். இரண்டும் எனக்குச் சோறு போட்டவை, அதனால் எதன் மேலும் கோபமில்லை. கேமரா பழுது பார்ப்பது மட்டும் என் வேலையல்ல. அதைப் பற்றி நான் சொல்வதை, பயன்படுத்தியவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. மங்கிய வெளிச்சம், வேகம், செலவு, உடனே பார்த்துத் திருத்தும் வசதி, இவை நான்கிலும் உங்கள் மிரர்லெஸ் அந்த யாஷிகாவைத் தாண்டிப் போய் நாளாகிவிட்டது. மண்டபத்து விளக்கில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 6400 வைத்து இன்று சாதாரணமாக எடுக்கிறோம். பிலிம் காலத்தில் 400 போட்டாலே பெரிய விஷயம், அதற்கு மேல் ஃபிளாஷ்தான் கதி. கூர்மையில் மட்டும் யாஷிகா தலைகுனிய வேண்டியதில்லை. அதன் நெகட்டிவ் சுமார் 56 மி.மீ. சதுரம். சாதாரண 35 மி.மீ. பிலிமின் ஒரு கட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. நன்றாகக் கழுவி நன்றாக ஸ்கேன் செய்தால் சுவரளவு பிரிண்ட் போடலாம். ஆனால் அந்த "நன்றாக" ஒவ்வொன்றுக்கும் காசும் பொறுமையும் வேண்டும்.

அப்படியென்றால் அப்புச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கருப்பு வெள்ளைப் படம் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது? அதற்குக் காரணம் பல, கேமரா அதில் ஒரு பங்குதான். அந்தக் கால ஸ்டூடியோவில் பெரிய கட் பிலிமிலோ (தனித்தனித் தாளாக வரும் பிலிம்) 120 ரோலிலோ (உங்கள் யாஷிகாவுக்குப் போடும் அகல ரோல்) எடுப்பார்கள். நெகட்டிவ் பெரிதாக இருப்பதால் முகத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகிற படிகள் நெருக்கமாக விழும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, துணியோ டிரேஸிங் பேப்பரோ போட்டு மென்மையாக்கி இருப்பார்கள். கழுவிய பிறகு டச்சிங் செய்கிறவர் கூரான பென்சிலை எடுத்து நெகட்டிவின் மேலேயே அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையையும் நிரப்புவார். அது தனிக் கலை. எங்கள் ஸ்டூடியோவில் கேமராமேனை விட டச்சிங் செய்கிறவருக்குத்தான் மரியாதை அதிகம். அப்புறம் நல்ல கெட்டிப் பேப்பரில் பிரிண்ட். இவ்வளவு கைகள் பட்ட ஒரு படத்தை, போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு "பழசுதான் பழசு" என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. சுமாராக வந்த படங்களை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்துச் சுவரில் நிற்பது நன்றாக வந்தது மட்டும்தான். உங்கள் போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டிப் பாருங்கள், நண்பர்களின் பேச்சு கொஞ்சம் மாறும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. நமக்கு மேலே ஊட்டியிலேயே பிலிம் தயாரானது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, "இந்து" என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் கொடுத்தது. தூசி இல்லாத குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும் இந்தத் தொழிலுக்கு அவசியம். அதற்கு ஊட்டியை விட்டால் எது? நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் இந்து பேப்பர் பெட்டி இல்லாத டார்க் ரூம் அபூர்வம். கலர் வந்து, பிறகு டிஜிட்டல் வந்து, அந்த ஆலை நொடித்துப் போய் நின்றேவிட்டது. அதனால் இன்று பழைய கேமராவுக்குப் போடும் ரோல் ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வரி கட்டி வருவது. விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

சரி, கேமராவின் பங்கு என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. முதலாவது, உங்கள் யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராவைப் பிடிக்கும் விதம். அதைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே தொங்கவிட்டு, தலையைக் குனிந்து மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதனால் படம் எப்போதும் எதிரே நிற்பவரின் இடுப்பு, நெஞ்சு உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நிற்கிற மனிதர் நிமிர்ந்து தெரிவார், பின்னால் தரை குறைந்து வானம் கூடும். எடுக்கிறவரின் முகமும் கேமராவுக்குப் பின்னால் மறைவதில்லை. தோட்டத்தில் ஒரு பெரியவரைப் படம் எடுக்கும்போது நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள், அவர் உங்கள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். துப்பாக்கி நீட்டுவதைப் போலப் பெரிய லென்ஸை மூஞ்சிக்கு நேரே நீட்டும்போது வருகிற விறைப்பு அப்போது வருவதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மாட்டுக்காரர்களை இரண்டு விதத்திலும் எடுத்திருக்கிறேன். மனிதர்கள் நிற்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். இதற்கு பிலிம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மிரர்லெஸ்ஸின் திரையை மடக்கி இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து எடுத்தால் இதில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

இரண்டாவது வெள்ளை வேட்டி. நம் பக்கத்துக் கல்யாணத்தில், காலை பத்து மணி வெயிலில், மண்டபத்து வாசலில் வெள்ளை வேட்டி சட்டையோடு பங்காளிகள் இருபது பேரை வரிசையாக நிறுத்தி எடுத்தவர்களுக்கு இது புரியும். டிஜிட்டல் சென்சார் விழுகிற வெளிச்சத்தை அதே விகிதத்தில் பதிந்துகொண்டே போகும், ஒரு எல்லை வந்ததும் சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் எல்லாம் வெறும் வெள்ளை. வேட்டியின் மடிப்பும் கரையும் போனால் போனதுதான், எந்த மென்பொருளாலும் திரும்பாது. கலர் நெகட்டிவ் அப்படி வெட்டென நிற்பதில்லை. வெளிச்சம் கூடக் கூட அதன் பதிவு மெல்ல வளைந்து தணியும். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடுதலாக வெளிச்சம் கொடுத்துவிட்டாலும் லேப்காரர் வேட்டி மடிப்பைக் கொண்டுவந்துவிடுவார். பழைய கலர் படங்களில் வெயில் மென்மையாகத் தெரிவதற்கு இது ஒரு நிஜமான காரணம். நிழல் பக்கம் வந்தால் கதை தலைகீழ். பிலிமுக்கு வெளிச்சம் குறைந்தால் நிழலெல்லாம் சேறு மாதிரி கலங்கிவிடும். டிஜிட்டலில் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை நசுக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருந்தால் நிழலிலிருந்து எவ்வளவோ தோண்டி எடுக்கலாம். ஆகவே நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து அளக்க வேண்டும், டிஜிட்டலுக்கு வேட்டியைப் பார்த்து அளக்க வேண்டும். இதைப் பழகிவிட்டால் இந்த வித்தியாசத்திலும் பாதி போய்விடும். ஸ்லைடு பிலிமுக்கு (நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் பிலிம்) இந்தத் தாராளம் கிடையாது, அது டிஜிட்டலை விடவும் கறார்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. பிலிம் நிறம் இயற்கையானது, தோல் நிறம் அதில்தான் சரியாக வரும் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கலர் பிலிமின் நிறம் ஆலையில் வேதியியல்காரர்கள் முடிவு செய்தது. லேப் இயந்திரங்களைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. "ஷெர்லி கார்டு" என்று அதற்குப் பெயர். அந்த முகத்துக்குச் சரியாக வைத்த அளவு நம் கருத்த முகத்துக்குத் தானாகப் பொருந்தவில்லை. நம் ஊர் லேப் ஆபரேட்டர்கள் ஒவ்வொரு படத்துக்கும் பட்டனைத் தட்டித் தட்டித்தான் சரிசெய்தார்கள், பெரும்பாலும் கொஞ்சம் சிவப்பாக்கி. பழைய ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை முகம் நன்றாக வந்திருந்தால் அதில் பாதிப் பெருமை அந்த ஆபரேட்டரின் கண்ணுக்கு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் "பிலிம் படம்" என்று பார்த்து ஆசைப்படுகிறோமே, அது எல்லாமே டிஜிட்டல்தான். நெகட்டிவை ஃபூஜி ஃபிரான்டியர் மாதிரியோ நோரிட்சு மாதிரியோ ஒரு ஸ்கேனரில் போட்டு எடுத்தது. ஒரே நெகட்டிவை இந்த இரண்டிலும் ஸ்கேன் செய்தால் இரண்டு விதமான பச்சை வரும், இரண்டு விதமான தோல் நிறம் வரும். அப்படியிருக்க, நாம் மயங்குவது பிலிமிலா ஸ்கேனரிலா? இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ரகசியமாக மாற்றி வைத்துக் காட்டினால், நல்ல ரா ஃபைலில் கவனமாக நிறம் சேர்த்த படத்தையும் பிலிம் ஸ்கேனையும் கண்டுபிடிக்க என்னாலேயே எப்போதும் முடியாது.

எல்லாம் கழிந்து மிச்சம் இருப்பதில்தான் என் கணக்கில் உண்மையான இழுப்பு இருக்கிறது. பட்டனை அமுக்கும் முன்பே முடிவு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அது. கொங்குக் கல்யாணத்தில் சீர் ஒன்றின் பின் ஒன்றாக வரும். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் அடுத்து என்ன செய்யப் போகிறார், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீருக்கு எந்தப் பக்கம் வந்து நிற்பாள், மங்கள வாழ்த்துப் பாட்டு எந்த அடிக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தவன்தான் ரோலைப் பங்கிட முடியும். ஒரு ரோலுக்கு 36 படம். முகூர்த்தம் நெருங்கும்போது கேமராவில் நாலைந்து படம்தான் மிச்சம் என்றால், அதைச் சுருட்டிக் கழற்றிவிட்டுப் புது ரோல் மாட்டிவிடுவோம். அந்த நாலு படம் வீண்தான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துபோனால் அப்புறம் அந்தச் சொந்தத்தில் ஒரு கல்யாணமும் நமக்கு வராது. எதை எடுக்கப் போகிறேன், எதை விடப் போகிறேன் என்ற கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று ஒரே கல்யாணத்தில் மூவாயிரம், நாலாயிரம் படம் எடுத்துவிட்டு, முடிவை வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எடுக்கிறோம். அதில் தப்பில்லை, வாடிக்கையாளருக்கு அது பாதுகாப்பு. ஆனால் அந்த இடத்தில் நிற்கும்போது நாம் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் பல நேரம் பதில் இருக்காது.

உங்கள் யாஷிகாவில் ரோலுக்கு 12 படம்தான். அதிலும் மேலே தெரிகிற உருவம் இட வலம் மாறித் தெரியும், நீங்கள் ஒரு பக்கம் திருப்பினால் உருவம் இன்னொரு பக்கம் போகும். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு அதுவே உங்களை நிறுத்தி வைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிலிம் எடுத்தால் நிதானம் தானாக வந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-ல் இறந்தபோது, அவர் எடுத்துவிட்டுக் கழுவாமலே விட்டிருந்த ரோல்கள் சுமார் 2,500. பிலிம் அவர் கையைக் கட்டவில்லை. கற்றுக்கொள்வதற்கு எது நல்லது என்று கேட்டாலும் நான் டிஜிட்டல் பக்கம்தான். அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை) மாற்றினால் என்ன ஆகும் என்பது அந்த நொடியிலேயே திரையில் தெரிகிறது. பிலிமில் விடை வருவதற்குள் கேள்வியே மறந்துவிடும். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அப்பர்ச்சர், வெளிச்சம் என்று குறித்து வைக்காவிட்டால் பிலிமில் நீங்கள் பெரிதாக எதையும் கற்கப் போவதில்லை. பிலிம் பழக்குவது கவனத்தை. நுட்பத்தை அல்ல.

நல்ல லென்ஸ் வாங்கலாமா என்ற பகுதிக்கு வருகிறேன். பழைய தோற்றம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால், அதற்கு யாஷிகாவை விற்கத் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. பழைய கையால் திருகும் லென்ஸ் ஒன்றை மிரர்லெஸ்ஸில் மாட்டுவது. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ளே கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும் என்பதால் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே அதிக தூரம் வைத்திருந்தார்கள். எம்42 திருகு லென்ஸுக்கு அது 45.46 மி.மீ. சோனி இ மவுண்டில் 18 மி.மீ., கேனான் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. தான். மிச்சத் தூரத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும், அதுதான் அடாப்டர். குழாய்க்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம், அதனால் மலிவு. பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதைச் செய்து ஏமாந்துபோவார்கள். அதன் தூரமே 46.5 மி.மீ. என்பதால், திருத்தும் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் எம்42 லென்ஸ் தொலைவில் ஃபோகஸ் ஆகாது. ஜெனிட் கேமராவோடு வந்த ரஷ்ய ஹீலியாஸ் 44-2 போன்ற லென்ஸ்களில் பின்னணி சுழல்வது போலத் தெரியும், எதிர்வெயிலில் புகை படிந்த மாதிரி வெளுக்கும். அன்றைக்கு இது லென்ஸின் குறை. இன்று அதற்காகத்தான் தேடி வாங்குகிறார்கள். குறையைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அது குறை என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கேமரா. ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: பின்மூடியை வெளிச்சத்தில் திறந்துவிடாதீர்கள். உள்ளே அப்புச்சி போட்ட ரோல் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் எண் காட்டியைப் பாருங்கள். எண் ஏதாவது காட்டினால், ஜன்னலில்லாத அறையில், இருட்டில் வைத்துத் திறந்து கையால் தடவிப் பாருங்கள். கருப்பு வெள்ளை பிலிமாக இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும், புகை மூட்டத்தோடாவது, படம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கலர் என்றால் வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் சரி, விடுங்கள்.

124ஜி 1970 முதல் 1986 வரை தயாரான மாடல். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுவது, பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இயந்திரத்தின் மேல் இருக்கும் ஆசை இங்கே வேலை செய்யும் என்று நினைக்கிறேன். ஜி.டி.நாயுடுவே 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கையாலேயே படம்பிடித்தவர். கிராங்க்கை (பிலிமை நகர்த்தும் கைப்பிடியை) சுற்றி, ஒவ்வொரு வேகத்திலும் அமுக்கிப் பாருங்கள். 1/125, 1/250 சரியாக அடித்து, ஒரு நொடி, அரை நொடி மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய கேமராவில் இது சகஜம், வெயிலில் எடுக்க அது தடையும் அல்ல. கிராங்க் இறுகினால் பலம் போடக் கூடாது. செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம், மாட்டிக்கொண்டால் ஷட்டரே நின்றுவிடும். பம்பு மோட்டார் கழற்றிப் பூட்டுகிற நண்பர் "நான் பார்க்கிறேன்" என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடு ஓடினால் ஃபங்கஸ். மேல்பரப்பில் மட்டும் இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம், கண்ணாடியையே அரித்திருந்தால் தடம் போகாது. லேசான ஃபங்கஸ் படத்தில் பெரிதாகத் தெரியாது, எதிர்வெயிலில் மட்டும் மங்கும். தோல் பையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். அந்தத் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபங்கஸை வளர்க்கும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். வால்பாறை, பொள்ளாச்சி பக்கம் இருப்பவர்கள் மழைக் காலத்தில் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மீட்டருக்கு அந்தக் காலத்தில் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. அது இப்போது வருவதில்லை. இன்றைய 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் அளவு பிசகலாம். காது மெஷினுக்குப் போடும் 675 நம்பர் பேட்டரி 1.4 வோல்ட், ஒரு வளையத்துக்குள் வைத்துப் போட்டால் கிட்டத்தட்ட சரிவரும், ஆனால் ஒட்டியிருக்கும் தாளை உரித்த பிறகு சில வாரம், சில மாதம்தான் உழைக்கும். இதெல்லாம் எதற்கு? போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், நம் ஊர் உச்சி வெயிலில் அப்பர்ச்சரை 16-ல் வைத்து, ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வேகத்தை வைத்தால் போதும். 200 ஐஎஸ்ஓ என்றால் 1/250. நெகட்டிவ் என்பதால் ஒரு ஸ்டாப் தாராளமாக, 1/125 வையுங்கள். மர நிழலில் இன்னும் மூன்று ஸ்டாப் திறக்க வேண்டும்.

ரோல் 120 என்று கேட்டு வாங்குங்கள். பின்மூடிக்கு உள்பக்கம் இருக்கும் தகட்டை 12 படத்துக்கான நிலையில் வைக்க வேண்டும், 24 என்பது இப்போது அபூர்வமாகிவிட்ட 220 ரோலுக்கு. கோடாக் கோல்டு 200-ஐ 2022 முதல் 120 அளவிலும் போடுகிறார்கள். ரோல், கழுவல், ஸ்கேன், கூரியர் எல்லாம் கூட்டினால் படம் ஒன்றுக்கு நூறு ரூபாயைத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். கலர் கழுவல் 38 டிகிரியில் துல்லியமாக நடக்க வேண்டிய வேலை, அதை லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.

கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், அதில்தான் இந்தப் பழைய சமாச்சாரத்தின் முழு ருசியும் இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். ஒரு டேங்க், ரோலை மாற்றக் கருப்புப் பை, டி-76 டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து), ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் மருந்து). இல்ஃபோர்டு ஹெச்பி5 பிலிமுக்கு, தண்ணீர் கலக்காத டி-76-ல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். பிரச்சினை அந்த 20 டிகிரிதான். சித்திரை மாதம் நம் மேல்தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. பெரிய பேசினில் ஐஸ் போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை வைத்து இறக்குங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் போடக் கூடாது. 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் நேரத்தைச் சுமார் ஐந்தரை நிமிடமாகக் குறைக்கலாம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படத்தில் திட்டுத் திட்டாக வரும். கழுவும் தண்ணீர் எல்லாமும் ஒரே சூட்டில் இருக்கட்டும். அடுத்த வில்லன் போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் உப்புத் தண்ணீரில் கழுவிக் காயப் போட்டால் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கடைசி அலசலை மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்தால் இது தீரும்.

இவ்வளவு படித்த பிறகும் கை அரிக்கிறது என்றால் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ரோல் எடுத்துப் பாருங்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள், அங்கே மிரர்லெஸ். படிக்கும்போதே அலுப்பாக இருந்ததா, அப்போதும் விற்க அவசரப்பட வேண்டாம். அந்த விலைக்கு நீங்கள் ஆசைப்படும் லென்ஸ் வருமா என்பதே சந்தேகம். ஷட்டர் ஓடுகிறதா, ஃபங்கஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் விலை. கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லி முதலிலேயே எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடுகிற இடங்களும் உண்டு. நம் ஊர் ஸ்டூடியோக்கள் மூடியபோது பெட்டி பெட்டியாக நெகட்டிவ் பழைய பேப்பர் கடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். கழிவு ஹைப்போவையும் எக்ஸ்ரே பிலிமையும் அதிலிருக்கும் வெள்ளிக்காகத் தேடி வந்து வாங்கிப் போவார்கள், குடும்பப் படங்களைக் கேட்க ஆள் வராது. ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி வைக்காமல் கல்யாணப் படத்தைத் தொலைத்தவர்களும் நிறைய, அதனால் இதில் பிலிமை மட்டும் உயர்த்திப் பேச மாட்டேன். நன்றாகக் கழுவிய கருப்பு வெள்ளை நெகட்டிவ் நீண்ட நாள் இருக்கும், கலர் நெகட்டிவின் சாயம் மெல்ல மங்கும். இரண்டையும் பிவிசி உறையில் வைக்காதீர்கள், தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். முக்கியமாக, மறுபடியும் அட்டாலியில் ஏற்றாதீர்கள்.